கிளிநொச்சி வீட்டுக்கு எது பொருந்தும்: ஹேண்ட்ஹெல்டா, கேமிங் லப்டொப்பா?

கேள்வி சுருக்கமாக இது: மகன் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி அறிவியல்நகருக்குப் போகப்போகிறார். ஆவணியில் கனடாவிலிருந்து வருகிற மாமா ஒரு ஸ்டீம் டெக் (கையில் பிடித்து விளையாடுகிற சின்னக் கேம் கணினி, அதாவது ஹேண்ட்ஹெல்ட்) அல்லது ஒரு கேமிங் லப்டொப் கொண்டுவருவாராம். இரண்டில் ஒன்றுதான். வீடு அக்கராயன் பக்கம். கரண்ட் ஏறி இறங்கும், மழைக்காலத்தில் நின்றும் போகும். எதைக் கொண்டுவரச் சொல்வது?

வீட்டில் வேறு கணினி இல்லையென்றால் லப்டொப்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே படிப்புக்கு ஒரு சாதாரண லப்டொப் இருக்கிறதென்றால் மாத்திரம் ஹேண்ட்ஹெல்ட் பற்றிக் கதைக்கலாம். அப்படிக் கதைக்கும்போது செக்கனுக்கு எத்தனை ஃபிரேம், அதாவது திரையில் எத்தனை படம், வருகிறது என்பதைவிட எத்தனை வாட்ஸ் இழுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் செய்கிற யூடியூப் ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு வராது.

முதலில் படிப்பு. பொறியியல் மாணவருக்கு ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ், மட்லப் போன்ற வரைதல், கணக்கு மென்பொருட்கள் எப்படியும் தேவைப்படும். சொலிட்வேர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். ஸ்டீம் டெக்கில் வருவது ஸ்டீம் ஓஎஸ், அது லினக்ஸ். அசுஸின் றோக் அலை, விண்டோஸோடு வருகிற லெனோவோவின் லீஜன் கோ போன்ற மற்ற ஹேண்ட்ஹெல்ட்களில் அந்த மென்பொருட்களை நிறுவலாம், ஆனால் 7 முதல் 9 அங்குலத்துக்குள் இருக்கிற திரையில் சொலிட்வேர்க்ஸ் மெனுவை வாசிக்கக் கண் போய்விடும். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், யூஎஸ்பி சி ஹப் எல்லாம் வாங்கி மேசையில் இணைக்கலாம்தானே என்பார்கள். இணைக்கலாம். விலையைக் கூட்டிப் பாருங்கள், ஒரு லப்டொப்பின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும். அந்த மொனிட்டருக்குச் சுவர்க் கரண்ட் வேண்டும் என்பதால் மின்வெட்டு நேரத்தில் ஹேண்ட்ஹெல்டுக்கு இருந்த ஒரே வசதியும் போய்விடும்.

இனிக் கரண்ட் கணக்கு. கேம் ஓடும்போது ஒரு நடுத்தரக் கேமிங் லப்டொப்பின் கிராபிக்ஸ் சிப் 80 முதல் 100 வாட்ஸ், புரொசெசர் 35 முதல் 45 வாட்ஸ். திரை, விசிறி, சார்ஜரில் வீணாவது எல்லாம் சேர்த்துச் சுவரிலிருந்து 150 முதல் 200 வாட்ஸ் இழுக்கும். ஸ்டீம் டெக்கில் சிப்புக்கான உச்ச எல்லையே 15 வாட்ஸ். திரையோடு சேர்த்து 20 முதல் 25 வாட்ஸுக்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் விளையாடினால் லப்டொப்புக்கு மாதம் 16 அலகு அளவில் போகும், டெக்குக்கு இரண்டரை அலகு அளவில். மாதம் 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. 60 ஐத் தாண்டியதும் கட்டண வகையே மாறும், பழைய அலகுகளுக்கும் சேர்த்துக் கூடுதல் விலை விழும்.

மின்வெட்டில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். லப்டொப்பில் 90 வாட்ஸ் மணி பற்றரி இருக்கிறதே என்று நம்பவேண்டாம். சார்ஜரைக் கழற்றியதும் கிராபிக்ஸ் சிப்பின் சக்தியை லப்டொப் தானாகவே அரைவாசிக்கும் கீழே வெட்டிவிடும், ஏனென்றால் பற்றரியால் அவ்வளவு வாட்ஸை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. பெரிய கேம் என்றால் வெட்டிய பிறகும் ஒரு மணித்தியாலம் அளவில்தான் தாங்கும். ஸ்டீம் டெக்கின் புதிய ஓஎல்ஈடி திரை மொடலில் இருப்பது 50 வாட்ஸ் மணிதான், பெரிய கேமுக்கு 2 மணித்தியாலம். 2டி கேம், பழைய கேம் என்றால் 5 மணித்தியாலத்தைத் தாண்டும். பழைய எல்சிடி மொடலில் 40 வாட்ஸ் மணி. றோக் அலையின் 2023 மொடலிலும் 40தான், ஆனால் அதன் சிப் கூடுதலாகக் குடிக்கும், பெரிய கேமில் ஒரு மணித்தியாலத்தோடு மூச்சு வாங்கும். 2024 இல் வந்த அலை எக்ஸில் பற்றரியை 80 ஆக்கினார்கள். விண்டோஸ் ஹேண்ட்ஹெல்ட்தான் வேண்டுமென்றால் முதல் அலையை விட்டுவிட்டு எக்ஸைத் தேடுவது புத்தி.

சோலார் வைத்த வீடுகளுக்கும் வயல் கொட்டிலுக்கும் இதையே நீட்டிப் பார்ப்போம். 12 வோல்ட்ஸ் 100 ஆம்பியர் மணி ஈய அமில பற்றரியில் பெயருக்கு 1200 வாட்ஸ் மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெதியில் செத்துவிடும், ஆகவே பாவிக்கக்கூடியது 600. இன்வெர்ட்டரில் 10 முதல் 15 சதவீதம் வீணாகும். மிச்சத்தில் 180 வாட்ஸ் லப்டொப் 3 மணித்தியாலம்கூட ஓடாது. டெக்குக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். காருக்குள் செருகுகிற 45 வாட்ஸ் யூஎஸ்பி சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜரை 12 வோல்ட்ஸ் பற்றரியிலிருந்தே கொடுக்கலாம். விளக்கு, விசிறி எதுவும் ஓடாவிட்டால் 20 மணித்தியாலத்தைத் தொடும். இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். சார்ஜரில் 60 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா ஓட்டைக்கும் சேர்த்த கணக்காக இருக்கலாம், ஒரு சி ஓட்டைக்கு மட்டும் 45 என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். மற்றது, பற்றரியின் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் பியூஸ். அது இல்லாமல் வயர் இழுத்தால் ஒரு உரசலில் வயரே அடுப்பாகிவிடும்.

பவர் பாங்க் என்றால் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 74 வாட்ஸ் மணி. மாற்றத்தில் வீணாவது போக 60 அளவில் கைக்கு வரும். ஓஎல்ஈடி டெக்கை ஒருதரம் நிரப்பலாம். போனுக்கு விற்கிற 20 வாட்ஸ் பாங்குகள் விளையாடும்போது டெக் குடிப்பதைக்கூட ஈடுகட்டாது.

வோல்ட்ஸ் ஏறி இறங்குவதைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். இரண்டு கருவியின் சார்ஜரிலும் 100 முதல் 240 வோல்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். மாலையில் 170 க்கு இறங்கினாலும் அதுக்கு ஒன்றும் ஆகாது, ஸ்டெபிலைசர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். எமன் வருவது கரண்ட் நின்று திரும்பி வருகிற அந்த நொடியிலும், ஐப்பசி கார்த்திகை இடி மின்னலிலும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துச் செருகுங்கள். இடி கேட்டால் ரவுட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும். மின்னல் ரெலிபோன் லைனாலும் வரும். கரண்ட் ஏறும்போது காக்கிற மல்டி பிளக் வாங்கினால் வீட்டில் எர்த் உண்மையாக மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று வயரிங் செய்பவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத வீட்டில் உலோக உடம்புள்ள லப்டொப்பைச் சார்ஜில் போட்டுத் தடவினால் விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். லப்டொப் பழுது என்று அதைக் கொண்டு கடைக்கு ஓடவேண்டாம், பிளக் பொயின்றைத்தான் பார்க்கவேண்டும்.

வெக்கையும் புழுதியும். பங்குனி தொடங்கி ஆவணி மட்டும் சீற் கூரைக்குக் கீழே பகலில் 35 பாகை சாதாரணம். வெளியாலே அவ்வளவு சூடென்றால் 150 வாட்ஸைக் காற்றால் ஆற்றுவது கஷ்டம். லப்டொப் புரொசெசர் 95 பாகைக்கு ஏறி, தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து 15 நிமிடத்துக்குப் பிறகு திக்கித் திணறினால் காரணம் அநேகமாக இதுதான். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், மெத்தையில் வைக்கவே கூடாது. ஃபிரேமை 60 இல் பூட்டுங்கள். என்விடியா அப்பில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற இடத்தில் செய்யலாம். விண்டோஸ் பவர் ஒப்ஷன்ஸில் மெக்ஸிமம் புரொசெசர் ஸ்டேட் தெரிந்தால் 100 ஐ 99 ஆக்குங்கள். புரொசெசர் தன் வேகத்தைக் கூட்டுகிற டர்போ நின்றுவிடும், அநேகமான கேம்களில் ஃபிரேம் சிறிதளவுதான் குறையும், சூடு 10 பாகைக்கு மேலும் இறங்கலாம்.

கிரவல் வீதிக்கரை வீடென்றால் சோளகம் அடிக்கிற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைத் துப்புரவாக்கவேண்டும். லப்டொப்பை முற்றாக நிறுத்தி, காற்று ஓட்டையால் ஒரு ஈர்க்கை விட்டு விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, கையால் அமத்துகிற புளோவரால் ஊதுங்கள். விசிறியைச் சுழலவிட்டு ஊதினால் அதன் பெயாரிங் போகும். சைக்கிள் கடைக் கொம்பிரசரிடம் கொண்டுபோகவே வேண்டாம், அந்தக் குழாயால் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும்.

ஹேண்ட்ஹெல்ட் குறைவாகத்தான் சூடாகும். டெக் பின்னால் காற்றை இழுத்து மேலே தள்ளும், மடியில் துணியோடு அணைத்து வைத்தால் மூச்சு முட்டும். புழுதி அதைத் தாக்குகிற இடம் வேறு: ஜோய்ஸ்டிக். காலப்போக்கில் கேமுக்குள் இருக்கிற ஆள், ஸ்டிக்கைத் தொடாமலே ஒரு பக்கம் நடக்கத் தொடங்கலாம். காந்தத்தால் வேலை செய்கிற ஹோல் எஃபெக்ட் ஸ்டிக் உள்ள லீஜன் கோவில் இந்த வருத்தம் குறைவு. டெக்கில் ஸ்டிக் தனித் துண்டு, ஈயம் பற்றவைக்காமல் மாற்றலாம். பின் மூடிக்கு எட்டு ஸ்குரூ. திறக்கமுன் மைக்ரோ எஸ்டி கார்ட்டை வெளியே எடுங்கள். மறந்துபோய் மூடியை நெம்பினால் கார்ட் டக்கென்று இரண்டாக முறியும், அதற்குள் இருந்த கேமெல்லாம் போச்சு. இது உலகம் முழுக்க நடக்கிற முட்டாள்தனம், நீங்களும் செய்யவேண்டியதில்லை. முதல் றோக் அலையில் கார்ட் வாசிக்கிற பகுதியே சூட்டில் பழுதாகலாம் என்று அசுஸ் 2023 இல் ஒத்துக்கொண்டது. பாவித்த அலை மலிவாகக் கிடைத்தால் ஒரு கார்ட்டைச் செருகி, அரைமணி கேம் ஓட்டி, அதன் பிறகும் கார்ட் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எந்தக் கேம் என்பதை மகனிடமே கேளுங்கள், ஏனென்றால் இங்கேதான் கொண்டுவந்த பிறகு அழுகிறவர்கள் அதிகம். வலொரன்ட், ஃபோர்ட்நைட், கணினிப் பப்ஜி, புதிய கோல் ஒஃப் டியூட்டி, ஈஏ எஃப்சி கால்பந்து: ஒன்றும் ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது. ஏமாற்றுக்காரரைப் பிடிக்கிற மென்பொருள் லினக்ஸை உள்ளே விடாது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது, 2024 ஐப்பசியோடு கதவை மூடினார்கள். ஜிடிஏ 5 இன் கதைப் பகுதி ஓடும், ஒன்லைன் 2024 புரட்டாதியிலிருந்து இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஓடும். தனியாக விளையாடுகிற பெரிய கேம்களில் பெரும்பாலானவை, விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுகிற புரோட்டன் மென்பொருள் மூலம் நன்றாகவே ஓடும். நண்பர்களோடு வலொரன்ட்தான் என்றால் விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டும் வீண், கணினி வலொரன்ட் கொன்ட்ரோலரை ஏற்பதில்லை. அதற்கு லப்டொப்பும் ஒரு மவுஸும். மாலையில் 4ஜி கோபுரம் நெரிபடுகிற நேரம் சிங்கப்பூர், மும்பை சேர்வருக்குப் பிங், அதாவது போய்வருகிற தாமதம், துள்ளும், அதை எந்தக் கருவியும் திருத்தாது.

பதிவிறக்கம் இரண்டுக்கும் ஒரே தலையிடி. 100 ஜிபி கேம், செக்கனுக்கு 10 மெகாபிட் வேகமென்றால் 22 மணித்தியாலம். இரவு டேட்டா பக்கேஜில் சில இரவுகளுக்குப் பிரித்து இறக்குங்கள், கேம் வாங்குகிற ஸ்டீம் செயலியில் இடையில் நிறுத்திப் பின்னர் தொடரலாம். நண்பரிடம் அந்தக் கேம் இருந்தால் இரண்டு கருவியையும் ஒரே வைஃபைக்குள் வைத்து, ஸ்டீம் செட்டிங்ஸில் லோக்கல் நெட்வேர்க் பிரதியை நண்பர்களுக்கும் அனுமதித்தால் போதும், ஸ்டீமே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி எடுக்கும், இணைய டேட்டா அநேகமாகச் செலவாகாது. ஆனால் இரண்டு பேரும் கேமை வாங்கியிருக்கவேண்டும்.

திறனைப் பொறுத்தவரை வீண் எதிர்பார்ப்பு வேண்டாம். அலையில் இருக்கிற ஏஎம்டி இஸட்1 எக்ஸ்ட்ரீம் சிப் 25, 30 வாட்ஸில் ஜிடிஎக்ஸ் 1650 என்ற பழைய கிராபிக்ஸ் சிப்புக்குக் கிட்டத்தான் வரும். ஆர்டிஎக்ஸ் 4060 லப்டொப் அதைவிடப் பல மடங்கு. டெக் சமாளிப்பதற்குக் காரணம் அதன் திரை 1280 க்கு 800 என்பதுதான், தள்ளவேண்டிய புள்ளிகள் குறைவு. டெக்கில் வலப்பக்கத்து மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பெர்ஃபோமன்ஸ் பகுதியில் ஃபிரேமை 40 இல் பூட்டி, டிடிபியை, அதாவது சிப்பின் வாட்ஸ் எல்லையை, 10 வாட்ஸுக்கு இறக்குங்கள். ஓஎல்ஈடியில் 45 இல் பூட்டுங்கள், அதன் 90 ஹேர்ட்ஸ் திரைக்கு அது சரியாக இரண்டால் பிரியும். பெரும்பாலான கேமில் கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடாது, பற்றரி அரைமணி, முக்கால்மணி கூட நிற்கும்.

லப்டொப் என்று முடிவெடுத்தால் மாமாவுக்குச் சொல்லவேண்டியது மொடல் பெயரை மாத்திரம் அல்ல. ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரில் 45 வாட்ஸில் ஓடுவதும் உண்டு, 115 வாட்ஸில் ஓடுவதும் உண்டு, இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. விளம்பரத்தில் டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கிற வாட்ஸ், என்று ஒரு எண் போட்டிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். போடாவிட்டால் கூட வருகிற சார்ஜரைப் பாருங்கள்: 200 வாட்ஸுக்கு மேல் என்றால் முழுச் சக்தி கொடுத்திருக்கிறார்கள், 120, 150 என்றால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 4050 இல் கிராபிக்ஸ் நினைவகம் 6 ஜிபி, 4060, 5050, 5060 மூன்றிலும் 8. நாலு வருடப் படிப்பு முடியுமட்டும் ஓடவேண்டுமென்றால் 8 எடுங்கள். ரெம் 16 ஜிபி, அதுவும் 8 ஆக இரண்டு துண்டு. ஒரே துண்டாக வந்தால் கேமில் வேகம் குறையும். பெரும்பாலான கேமிங் லப்டொப்பில் பின்னர் கூட்டலாம், வாங்கமுன் அந்த மொடலில் ரெம் ஒட்டியா, கழற்றலாமா என்று பாருங்கள். ஹேண்ட்ஹெல்டில் எப்போதும் ஒட்டித்தான் இருக்கும்.

உத்தரவாதம் வலித்துத்தான் தெரியவரும் விஷயம். ஸ்டீம் டெக்கை வால்வ் நிறுவனம் இலங்கையில் விற்பதில்லை, பழுதானால் கனடாவுக்கே திருப்பி அனுப்பவேண்டும். லப்டொப்களில் சிலவற்றுக்குச் சர்வதேச உத்தரவாதம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வாங்கமுன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மொடலுக்கு இலங்கையில் செல்லுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். செல்லாவிட்டால் வவுனியாவில் அல்லது கொழும்பு யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டு, வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள். யூஎஸ்பி சி ஓட்டை பழுதானால் நல்ல போன் திருத்துகிற கடைக்காரரே மாற்றிவிடுவார், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தக் கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். மதர்போர்ட் என்றால் எதுவானாலும் கொழும்புதான்.

மாமா கனடாவில் வாங்குகிறபடியால் கீபோர்ட்டில் ஒரு பொறி. கியூபெக் பக்கத்துக் கடைகளில் பிரெஞ்சு எழுத்து அச்சிட்ட கீபோர்ட் தலையில் கட்டப்படும். ஆங்கிலக் கீபோர்ட் என்று கேட்டு வாங்கவேண்டும். பிரான்ஸிலிருந்து வருவதில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும், சுவிஸ், ஜெர்மனியில் வையும் இஸட்டும். மென்பொருளில் மாற்றலாம், அச்சை மாற்ற முடியாது. பிளக்குக்குப் பயண அடாப்டர் தேடவேண்டாம்: லப்டொப் சார்ஜரின் சுவர்ப்பக்க வயர் கழரும், இங்கே கடையில் எர்த் உள்ள மூன்று கால் வயர் ஒன்றை வாங்கி மாற்றினால் சரி. டெக்கின் சார்ஜர் சுவரிலேயே செருகுகிற ஒரே துண்டு என்பதால் இங்கே வேறு 45 வாட்ஸ் பிடி சார்ஜர் எடுப்பது நல்லது.

விமானத்தில் கருவியும் பவர் பாங்கும் கைப்பையில் வரட்டும். 100 வாட்ஸ் மணிக்குள் இருக்கிற பற்றரிக்கு விசேட அனுமதி வேண்டியதில்லை, பவர் பாங்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டால் எடுத்துவிடுவார்கள். புறப்படமுன் பில்லையும் சீரியல் இலக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயே ஒருநாள் ஓட்டி, திரையில் செத்த புள்ளி, விசிறிச் சத்தம், எல்லாப் பட்டனும் பார்த்துவிட்டு வரட்டும். பிழை இருந்தால் அவர் நாட்டிலேயே கடையில் மாற்றலாம், கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு அது முடியாது.